காப்பும் அணியும்

நோயுற்றவர்க்கு அழகு வேண்டுமா? கேட்ட அளவில் இஃது எளிய கேள்வியாகவே தோன்றும். நோய் தீர்ந்தால் போதும், அழகைப் பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று விடை கூற நம்மில் பெரும்பாலோர் ஆயத்தமாக இருக்கின்றோம். உயிர் பிழைத்தாரே, அதுவே பெரிது என்போம். பிழைத்தவரோ நம் விடையைக் கேட்டு வாய்மூடி இருப்பார். மறுத்துப் பேசினால் நன்றி மறந்தவர் என்னும் பெயர் வந்துவிடுமோ என்னும் அச்சம் அவருக்கு. நானும் பல்லாண்டுகள் அந்த விடையையே உடையவனாக இருந்தேன். அதனை மாற்றிக் கொள்ள நேர்ந்தது ஒரு சிறு துணியினால்.

மணிக்கட்டில் தொடங்கி மேற்கை வரையில் இறுகப் பற்றியிருக்கும் நீண்ட உறை அது. மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற பெண்களிற் சிலர் அதனை நாள்தோறும் அணிகின்றனர். அழுத்த உறை என்று அதனைக் கூறலாம். அதன் தேவையை அறியாமல் அதன் அழகைப் பற்றிப் பேசுதல் முறையாகாது. ஆதலின் அதனை முதலில் கூறிவிடுகின்றேன்.

நம் உடலில் குருதி ஓடுவதை அனைவரும் அறிவர். நிணநீர் என்று மற்றொன்றும் ஓடுவதை அறிந்தோர் குறைவு. திசுக்களின் இடையே கசிந்து தங்கும் நீரைத் திரட்டி மீண்டும் குருதியிற் கொண்டு சேர்க்கும் வடிகால் அது. குருதியைச் செலுத்த இதயம் உண்டு. நிணநீருக்கு அத்தகைய விசைப்பொறி ஏதும் இல்லை. அதன் குழாய்கள் மெல்லச் சுருங்கி விரிவதும், நாம் கையை அசைக்கும்போது தசைகள் நெருக்குவதுமே அதனை மேலே தள்ளுகின்றன. கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில் உள்ள கணுக்களின் வழியே செல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் அவ்வழியையே முதலில் பற்றுகின்றது. ஆகவே மருத்துவர்கள் அக்கணுக்களை அறுத்து எடுக்கின்றனர். சிலருக்கு அவ்விடத்தில் கதிரும் பாய்ச்சுகின்றனர். நோய் போகிறது, அதனோடு வடிகாலும் சிதைகிறது. வடிகாலின் வாய் அடைபட்டால் மழைநீர் எங்கே தேங்கும் என்பதைத் தோட்டப்புறத்து வீடுகளில் வளர்ந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கை வீங்குகின்றது, கனக்கின்றது, தோலில் சிறு கீறல் பட்டாலும் தொற்று எளிதாகப் பற்றிக் கொள்கின்றது.

ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கு ஒன்று, அக்குள் கணுக்களைப் பெருமளவில் அகற்றிக் கொண்ட பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வீக்கம் வருவதாகக் கூறுகின்றது. முதற் கணுக்கள் ஓரிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கும் பிற்கால முறையில் அது 20 பேரில் ஒருவர் என்னும் அளவிற்குக் குறைகின்றது. மருத்துவம் முடிந்து பல ஆண்டுகள் கழித்துங்கூட வீக்கம் தலைகாட்டுவது உண்டு. பிழைத்தோம் என்று மூச்சு விட்ட பிறகு வரும் துன்பம் அது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்பக அறுவையில் பெரும்புகழ் பெற்றிருந்த மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையைப் பரப்பியவர். தம் அறுவையின் பின் கைகள் வீங்குவதைக் கண்ட அவர், 1921ஆம் ஆண்டில் அதற்கு ஒரு பெயர் இட்டார். அறுவையால் வந்த யானைக்கால் என்பது அப்பெயரின் பொருள். யானைக்கால் நோயை நாம் நன்கறிவோம். அதிலும் கெடுவது இந்த நிணநீர் வழியே. ஆங்கே புழுவும் ஈங்கே கத்தியும் என்பதே வேறுபாடு. ஹால்ஸ்டெட்டின் நேர்மையை நான் மதிக்கின்றேன். நோயைத் தந்தது அறுவையே என்பதை அவர் இட்ட பெயரே ஒப்புக் கொள்கின்றதன்றோ?

உறையின் கதை வேறு இடத்தில் தொடங்குகின்றது. ஒகாயோ மாநிலத்து டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜாப்ஸ்ட் என்னும் பொறியாளர்க்குக் காலில் நாள நோய் இருந்தது. நீச்சற் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதை அவர் கண்டார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும். ஆகவே கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் நீர் அவர் காலை அமுக்கியது. அவ்வழுத்தத்தைத் துணியிற் பின்ன முடியாதா என்று எண்ணினார். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வாறே ஒரு காலுறையையும் உருவாக்கினார். கைக்கு அணியும் உறையும் அதே நெறியில் அமைந்தது. மணிக்கட்டில் இறுக்கம் கூடுதல். தோளை நோக்கிச் செல்லச் செல்லத் தளர்வு. பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உடையதை அணிவிக்கின்றனர். பகலில் அணிந்து, உறங்கும்போது கழற்றி வைத்து, துவைத்துத் துவைத்துத் தளர்ந்து போவதால் ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும். அது நோயைத் தீர்ப்பதன்று. வீக்கம் ஏறாமல் காப்பது. ஆகவே பலருக்கு வாழ்நாள் முழுவதும் கூட வருவது.

வாழ்நாள் முழுவதும் என்னும் அச்சொல்லில்தான் நம் கேள்வி அடங்கியிருக்கின்றது. பத்து நாள் கட்டும் கட்டுத்துணியின் நிறத்தைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. பத்தாண்டு அணிய வேண்டியது அத்தகையதன்று. அஃது அணிந்தவரின் தோற்றமாகவே ஆகிவிடுகின்றது.

நெடுங்காலம் இவ்வுறைகள் ஒரே நிறத்தில் வந்தன. வெளிறிய பழுப்பு நிறம். பார்த்த மாத்திரத்தில் மருத்துவமனையை நினைவூட்டும் நிறம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற ரேச்சல் டிராக்சல் என்னும் இளம்பெண்ணுக்கும், அதே நோய்க்கு ஆளான அவருடைய தோழி ஒருவருக்கும் இது பொறுக்கவில்லை. மருத்துவ அளவு சிறிதும் பிறழாமல், ஆனால் கண்ணுக்கு இனியதாக ஓர் உறை ஏன் இருத்தல் ஆகாது என்று அவர்கள் கேட்டனர். ஆடை வடிவமைப்பு அறிந்தவர் ஒருவரின் துணையோடு லிம்ஃபிடிவாஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பூக்கள், மருதாணிக் கோலங்கள், பச்சை குத்தியது போன்ற சித்திரங்கள் எனப் பல்வகை உறைகள் அதன் வழியே வெளிவந்தன. நோய் மீண்டும் வந்த நாள்களிலும் டிராக்சல் அப்பணியை விடவில்லை. 2008ஆம் ஆண்டில், தம் 37ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய குடும்பத்தார் அதனைத் தொடர்ந்து நடத்தினர்.

சாவு அருகில் நிற்கும்போது ஒரு பெண் பூ வேலைப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டாள் என்று இதனைக் கூறலாம். நான் முன்பு அப்படித்தான் கூறியிருப்பேன்.

என் பள்ளியில் மூன்றாம் ஆண்டிற்குக் கற்பித்து வந்த ஆசிரியை ஒருவர், இந்நோய்க்கு மருத்துவம் பெற்றுப் பல மாத விடுப்பிற்குப் பின் பணிக்குத் திரும்பினார். வீங்கியது வலக்கை, பலகையில் எழுதும் கை. முதலில் மருத்துவமனை தந்த பழுப்பு நிற உறையை அணிந்து வந்தார். மாணவர்கள் அதனைப் பார்த்துவிட்டுத் தம்முள் ஏதோ பேசிக் கொண்டனர். கையில் தீப்புண் என்றான் ஒருவன். தொட்டால் நமக்கும் வரும் என்றாள் ஒருத்தி. சில வாரங்கள் சென்றன. ஒரு திங்கட்கிழமை சபைகூடலுக்கு அவர் நீலப் பின்னணியில் செந்நிறப் பூங்கொடி படர்ந்த உறையோடு வந்து நின்றார். வெளிநாட்டில் பயிலும் மகள் வாங்கி அனுப்பியதாம். மாணவர் கண்கள் அனைத்தும் அக்கையின் மேல்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று, ஆசிரியரின் உடை மாணவரின் கவனத்தைச் சிதறச் செய்தல் ஆகாது என்பது. அந்தப் பாடத்தை நான் மறந்தவனல்லன். அன்று மாலை அவரை என் அறைக்கு அழைத்தேன்.

"டீச்சர், தவறாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்காமல் கையையே பார்க்கிறார்கள். முன்பு போல் தோல் நிறத்திலேயே அணிந்து வரலாமே?" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. தம் இடக்கையையும் வலக்கையையும் மேசையின் மேல் அருகருகே வைத்தார். "யாருடைய தோல் நிறம், ஐயா?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அவர் நம்மவர், கறுத்த மேனியர். அந்தப் பழுப்பு உறை அவர் கையில் ஒருநாளும் மறைந்திருக்கவில்லை. பத்து அடிக்கு அப்பால் நின்றாலும் கட்டுப் போட்ட கை என்றே அது பறைசாற்றியது. வெள்ளைத் தோலில் ஓரளவு மறையக்கூடிய ஒன்றைத் தோல் நிறம் என்று எவரோ பெயரிட்டார்; கறுத்த கையை நாள்தோறும் கண்ணாடியிற் பார்க்கும் நானும் அப்பெயரை ஐயமின்றி உச்சரித்தேன். அமெரிக்காவின் க்ரெயோலா வண்ணக்கோல் பெட்டியில் தசை நிறம் என்று பெயர் பெற்றிருந்த ஒரு வெளிர் நிறம், 1962ஆம் ஆண்டில் பீச் பழத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். ஓவிய வகுப்பில் மனித முகம் தீட்டும் நம் பிள்ளைகள் இன்றும் எந்தக் கோலை எடுக்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

இதன் பின்னரே ஆட்ரி லார்ட் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரைப் பற்றி அறிய நேர்ந்தது. 1978ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. இழந்த இடத்தில் வைத்துக் கொள்ள அவருக்குக் கொடுக்கப்பட்ட செயற்கைப் பொதி வெளிறிய இளஞ்சிவப்பு. அவர் மேனிக்குச் சற்றும் பொருந்தாத நிறம். அவர் அதனை அணியாமலே மருத்துவரிடம் சென்றார். அங்கிருந்த செவிலி, எதையேனும் வைத்துக் கொண்டு வாருங்கள், இல்லையேல் இங்கு வரும் மற்றவர்களின் மனம் தளரும் என்னும் கருத்துப்படப் பேசினார். லார்ட் இதனை 1980ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நோய்க்காலக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இசுரேலியத் தளபதி மோசே தயான் ஒரு கண்ணை இழந்து கறுப்புத் துணி கட்டியிருந்தாரே, அவரிடம் எவராவது கண்ணாடிக் கண் பொருத்தி வரச் சொன்னார்களா என்று அவர் வினவுகின்றார். ஆணின் இழப்பு வீரத்தின் அடையாளம். பெண்ணின் இழப்பு மூடி மறைக்கத்தக்கது.

அந்தச் செவிலி கூறியதும் நான் கூறியதும் ஒன்றே. அவர் மற்றவர் மனத்தைக் காரணம் காட்டினார். நான் பிள்ளைகளின் கவனத்தைக் காரணம் காட்டினேன். இருவர்க்கும் உண்மையில் தேவைப்பட்டது நம் கண்ணுக்கு அமைதி. நோயுற்றவர் தம் நோயை நமக்குத் தொல்லையில்லாத வடிவில் கொண்டுவர வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு. நோய் தெரியவும் கூடாது; தெரிந்தால் அடக்கமாகத் தெரிய வேண்டும்; மகிழ்ச்சியாகத் தெரிந்தால் அதுவும் குற்றம். இவ்வளவு நுட்பமான விதிகளை நாம் எப்போது இயற்றினோம் என்பதே விளங்கவில்லை.

அழகு நாடுதல் வீண் பெருமை என்பாரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பதினொருவர் மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தோம். கண்ணின் குறை ஒன்றே. தேவையான வில்லையும் ஒன்றே. எனினும் என் முகத்திற்கு எடுப்பான சட்டகம் எது என்று கடையில் நான் அரைமணி நேரத்திற்கு மேல் நின்றிருக்கின்றேன். கண் நோயாளிக்கு எதற்கு அழகு என்று கடைக்காரர் என்னைக் கேட்கவில்லை. கண்ணின் குறைக்கு நாம் வழங்கும் உரிமையைக் கையின் குறைக்கு மறுப்பது எந்த நியாயத்தால்?

ஆயினும் லார்டின் எழுத்தில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அதனை மறைத்துவிட்டு உறையின் புகழை மட்டும் பாடினால் நான் நேர்மையற்றவனாவேன். இழப்பை மூடி, ஒன்றும் நிகழவில்லை என்பது போல நடந்து கொள்ளுமாறு பெண்களைத் தூண்டினால், அவர்கள் தம் துயரை வெளியிடும் வழியே அடைபடும் என்று அவர் அஞ்சினார். பூ வேலைப்பாடும் அவ்வாறு ஆகலாம் அன்றோ? அழகிய உறை வந்துவிட்டது, இனிச் சிரித்த முகத்தோடு இரு என்று உலகம் கட்டளையிடத் தொடங்கினால், பழுப்பு உறையினும் அதுவே கொடிய உறையாகும். வலியும் பாரமும் அப்பூக்களின் கீழே அப்படியே இருக்கின்றன. அன்றியும், அளவு பிழைத்த உறை எவ்வளவு அழகாயினும் தீங்கே செய்யும். மேல் விளிம்பு சுருண்டு கையைக் கயிறு போல் கட்டும், நீர் உள்ளங்கைக்கு இறங்கும். ஆகவே பயிற்சி பெற்றவர் அளந்து தருவதையே அணிதல் வேண்டும். விலையும் ஒரு தடை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை, அதிலும் வெளிநாட்டிலிருந்து வருவித்து, எல்லாராலும் வாங்க இயலாது.

விலையைப் பற்றிய பேச்சில் அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே முதியோர்க்குரிய அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிகேர், நெடுங்காலம் இவ்வுறைகளுக்குப் பணம் தரவில்லை. சட்டம் வகுத்திருந்த மருத்துவப் பொருள் வகைகள் எதிலும் அவை அடங்கவில்லை என்பது காரணம். பழுப்பு உறையாயினும் பூ உறையாயினும் அரசின் ஏட்டிற்கு அது வெறும் துணி. இதனை மாற்றும் சட்ட முன்வரைவு 2010ஆம் ஆண்டில் முதன்முறையாக அந்நாட்டுப் பேரவைக்கு வந்தது. 2022 டிசம்பரில் நிறைவேறியது. 2024 சனவரி முதல் நாள் நடப்பிற்கு வந்தது. ஒரு துணியை மருந்தென்று ஏற்றுக் கொள்ள ஒரு வல்லரசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆடையாயின் மருந்தன்று, மருந்தாயின் அழகன்று என்னும் நம் பழக்கம் சட்டம் இயற்றுவோரையும் விடவில்லை போலும்.

தமிழ் கற்பிப்போர்க்கு இப்பிரிவினை வியப்பளிக்க வேண்டும். நம் மொழியில் அணி என்னும் சொல் அழகையும் குறிக்கின்றது. மேற்கொண்டு பூணுவதையும் குறிக்கின்றது. காலை முள்ளினின்று காப்பதற்குக் காலணி என்று பெயர் வைத்தோம். காப்பு என்னும் சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். காவல் என்பதும் அதன் பொருள். கையில் இடும் வளையும் அதன் பொருள். வளைகாப்பு என்னும்போது எப்பொருளில் வழங்குகின்றோம் என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கையில் அழகும் காவலும் ஒன்றாகவே ஏறும் என்பதை நம் முன்னோர் சொல்லிலேயே வைத்துவிட்டனர்.

இந்தச் சொல்லாராய்ச்சியை நான் அந்த ஆசிரியையிடம் பெருமையோடு கூறினேன். தலைமையாசிரியர்க்குத் தவறு செய்தபின் விளக்கம் கூறும் பழக்கம் உண்டு. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நான் அறியாத ஒன்றைக் கூறினார். வீங்கும் கையில் இறுகிப் பிடிக்கும் வளையலையும் மோதிரத்தையும் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். திருமணமான நாள் முதல் வெறுங்கையோடு இருந்திராதவர் அவர். அறுவைக்குப் பின் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், மூதாட்டி ஒருவர் அவருடைய வலக்கையைப் பற்றி, "ஏம்மா, கை இப்படி மூளியாக இருக்கிறதே" என்று கேட்டாராம். அருகில் கணவர் நின்றிருந்தார். நோய் வந்த செய்தியைக் கேட்டபோதும் முடி உதிர்ந்தபோதும் அழாத தாம், அன்று மண்டபத்தின் பின்புறம் சென்று அழுததாகக் கூறினார். மகளிடம் அதனைச் சொன்ன பிறகே அந்தப் பூங்கொடி உறை வந்தது.

கவனச் சிதறல் என்று நான் கண்டது இதனைத்தான்.

பள்ளியில் அதன் பிறகு நிகழ்ந்ததையும் கூறிவிடுகின்றேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கவனம் இரண்டு நாள் சிதறியது. மூன்றாம் நாள் மீண்டது. தொட்டால் வரும் என்ற சிறுமி, அந்தக் கொடியில் எத்தனை பூ என்று எண்ணிச் சொல்வதற்காக ஆசிரியையின் கையைத் தொட்டாள். அவர்கள் அதற்குப் பூக்கை என்று பெயரும் வைத்தனர். நான் தடுக்கவில்லை; தடுக்கும் தகுதியை அதற்குள் இழந்திருந்தேன்.

சில நாள்களில் அவர் பழைய பழுப்பு உறையோடு வருவார். அப்படி வந்த ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பைக் கடந்து செல்கையில் மாணவன் ஒருவன் கேட்டது என் காதில் விழுந்தது.

"டீச்சர், பூக்கை எங்கே?"

"துவைத்துப் போட்டிருக்கிறேன், ஐயா. இன்னும் காயவில்லை," என்றார் ஆசிரியை, பலகையில் எழுதிக் கொண்டே.

அன்று வெயில் நன்றாகவே அடித்துக் கொண்டிருந்தது. நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.